திரை இருண்டால் திகைக்காதீர்கள்!

காலைக் காப்பியை முடித்துவிட்டுக் கூடத்துக் கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்குகிறீர்கள். தினமும் வண்ணப் படத்துடன் வந்து நிற்கும் திரை அன்றைக்கு வரவில்லை. கன்னங்கரேலென்று ஒரே இருட்டு. இடது பக்கத்து மேல் மூலையில் மட்டும் ஒரு சின்னக் கோடு மினுக்கு மினுக்கு என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வீர்கள்?

நான் "ஐயோ!" என்று கத்தினேன். என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து, யந்திரத்தின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். எங்கள் வீட்டில் பழைய ரேடியோவுக்கும் அதுதான் வைத்தியம். கோடு அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் தெருக்கோடி ரிப்பேர்க் கடைப் பையனைக் கூப்பிட்டோம். அவன் ஒரு நிமிஷம் பார்த்தான்.

"டிஸ்க்கைப் பார்மெட் பண்ணி எல்லாம் புதிதாய்ப் போட்டுத் தந்துவிடுகிறேன், அம்மா. உள்ளே இருக்கிறது போய்விடும். பரவாயில்லையா?"

"பரவாயில்லை" என்று சொல்ல என் கணவர் வாயெடுத்தார். சமையலறையிலிருந்து மருமகள் ஓடி வந்தாள்.

"மாமா! பாட்டி பாட்டெல்லாம் அதில்தானே இருக்கிறது!"

ஆமாம். என் மாமியார் கண்ணை மூடுவதற்கு முந்திய வருஷம், ஊஞ்சலில் உட்கார்ந்தபடி பாடிய தாலாட்டும் நலங்குப் பாட்டும், மொத்தம் 42. எந்தப் புஸ்தகத்திலும் இல்லாத பாட்டுகள். அவற்றுக்கு வேறு நகல் எங்களிடம் கிடையாது. பையனைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அன்றைக்கு அந்தப் பாட்டுகளுக்கு உண்மையில் எந்த ஆபத்தும் இல்லை என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வந்த வியாதி டிஸ்க்குக்கு அல்ல. திரையில் படம் எழுதும் கிராபிக்ஸ் கார்டின் டிரைவருக்கு. அதற்காக டிஸ்க்கைத் துடைத்துவிடுவது, வாசல் விளக்கு எரியவில்லை என்பதற்காக வீட்டையே இடிப்பது மாதிரி. இந்த ஒரு சமாசாரம் தெரியாமல் எத்தனை வீடுகளில் குழந்தைகளின் போட்டோக்கள் போயினவோ! அதனால்தான் இதை உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் கம்ப்யூட்டர் 2017ல் வாங்கியது. அதிலிருந்த விண்டோஸ் 10க்கு, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்ததான விண்டோஸ் 11, இத்தனை பழைய யந்திரத்தை ஏற்றுக்கொள்ளாது. நன்றாக ஓடுகிற பொருளைத் தூக்கிப் போடுவானேன் என்று, என் அண்ணன் மகன் பொங்கல் லீவுக்கு வந்தபோது உபுண்டு போட்டுக் கொடுத்தான். உபுண்டு என்பது லினக்ஸ் குடும்பத்துப் பிள்ளை. 1991ல் ஹெல்சிங்கியில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்து வைத்ததுதான் லினக்ஸ். அதன் உட்பக்கத்தை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், இலவசமாய்ப் பிறருக்கும் கொடுக்கலாம். உலகம் முழுதும் பலர் கூடிச் சமைக்கிற சமையல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டிரைவர் என்றதும் உங்களுக்குக் காக்கிச் சட்டை போட்ட ஆசாமி நினைவுக்கு வருவார். இந்த டிரைவர் அப்படியல்ல. அந்தக் காலத்தில் சென்னைப் பட்டணத்தில் வெள்ளைக்கார வர்த்தகருக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் துபாஷி என்று ஒருவர் இருப்பார் அல்லவா? அவர் இல்லாவிட்டால் பேரமே நடக்காது. இந்த டிரைவரும் ஒரு துபாஷிதான். ஒரு பக்கம் கிராபிக்ஸ் கார்டு. மற்றொரு பக்கம் கெர்னல். கெர்னல் என்றால் பட்டாளத்துக் கர்னல் அல்ல; லினக்ஸின் நடு மையம். கெர்னல் பேசும் பாஷை கார்டுக்குப் புரியாது. துபாஷி வராத நாளில் கார்டும் நன்றாகத்தான் இருக்கும், கெர்னலும் நன்றாகத்தான் இருக்கும், உங்கள் போட்டோக்களும் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும். திரை மட்டும் இருட்டாயிருக்கும்.

உங்கள் வீட்டுக் கார்டு இன்டெல் அல்லது ஏஎம்டி என்றால் அநேகமாய் உங்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அவற்றின் துபாஷிகள் கெர்னலுடனேயே வந்துவிடுகிறார்கள். படம் வரைகிற மீதி வேலையை மெசா என்னும் தொகுப்பு பார்த்துக்கொள்கிறது. பிரையன் பால் என்பவர் 1993ல் தொடங்கிய வேலை அது. ஏஎம்டியின் தற்காலக் கார்டுகளுக்கான டிரைவர் 2015லேயே கெர்னலுக்குள் குடியேறிவிட்டது. இவர்கள் தனியாக டிரைவர் தேடி எங்கும் போகவேண்டாம். போனால்தான் வம்பு.

கதையெல்லாம் என்விடியாவிடம்தான். வெகு காலம் அந்தக் கம்பெனி தன் டிரைவரை மூடிய பெட்டியாகவே கொடுத்து வந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று லினக்ஸ்காரர்கள் பார்க்க முடியாது. ஆகவே சில ஆர்வலர்கள் கார்டின் நடத்தையைக் கவனித்துக் கவனித்தே சொந்தமாக ஒரு டிரைவர் எழுதினார்கள். நூவோ என்று அதற்குப் பெயர். பிரெஞ்சு பாஷையில் புதியது என்று அர்த்தம். 2010ல் அது கெர்னலில் சேர்ந்தது. ஆனால் பல கார்டுகளை, எங்களுடையது உள்பட, நூவோவால் முழு வேகத்தில் ஓட்ட முடிவதில்லை. 2012ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டத்தில், என்விடியாவைப் பற்றி ஒருவர் டோர்வால்ட்ஸைக் கேட்டுவிட்டார். அவர் காமிராவைப் பார்த்து விரலால் ஒரு சைகை காட்டினார். குடும்பப் பத்திரிகையில் அதை விவரிப்பதற்கில்லை! பத்து வருஷம் கழித்து, 2022 மே மாதத்தில், டிரைவரில் கெர்னலோடு ஒட்டும் பகுதியை என்விடியா எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. மற்றப் பகுதிகள் இன்னும் மூடிய பெட்டிதான்.

எங்கள் வீட்டு வினை இந்த இடத்தில்தான் ஆரம்பமாயிற்று.

அப்படித் திறந்து வெளியிட்டது எல்லாக் கார்டுகளுக்கும் பொருந்தாது. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளும் அவற்றுக்குப் பின்னால் வந்தவையும்தான் அதில் ஓடும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கோ திறந்தது ஒன்றுதான் உண்டு, பழையது ஒத்துவராது. எங்களுடையது ஜிடிஎக்ஸ் 1050. 2016ல் வெளிவந்த கார்டு. பொங்கலுக்கு வந்த பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? டிரைவர்களின் ஜாபிதாவில் 'ஓப்பன்' என்று போட்டிருந்த ஒன்றைப் பார்த்தான். புதியது ஆயிற்றே, நல்லதாகத்தான் இருக்கும் என்று அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, யந்திரத்தை மறுபடி ஆரம்பித்துக்கூடப் பார்க்காமல் பெங்களூர் ரயிலைப் பிடித்துவிட்டான். பழி கார்டு செய்தவர் மேலும் இல்லை, உபுண்டு செய்தவர் மேலும் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைமேல்தான்!

ஆகையால் டிரைவரைத் தொடுவதற்கு முன் கார்டின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். உபுண்டுவில் 'டெர்மினல்' என்று ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்து, ஆங்கிலச் சின்ன எழுத்தில் எல், எஸ், பி, சி, ஐ என்று ஐந்தெழுத்து மந்திரத்தை அடியுங்கள். ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடு. கோட்டை ஒட்டினாற்போல் கே. பிறகு என்டர். நீளமாய் ஒரு பட்டியல் வரும். அதில் 'விஜிஏ' என்ற வரிதான் உங்கள் கார்டு. அதற்குக் கீழே, இப்போது எந்த டிரைவர் வேலை பார்க்கிறது என்பதும் இருக்கும்.

ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளுக்கும், 750க்கும் என்விடியாவின் 580 என்னும் டிரைவர் வரிசையே கடைசி. அதற்குமேல் எண் கூடினால் உங்களுக்கு நன்மை கூடாது, படமே வராது. 600, 700 வரிசைகளில் பெரும்பாலானவை 470ஓடு நின்றுவிட்டன. அத்தனை பழைய கார்டு உள்ளவர்கள் நூவோவுடனேயே நிம்மதியாய் இருந்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். கடிதம் எழுதவும் சினிமா பார்க்கவும் அதுவே போதும்.

டிரைவரை எங்கே வாங்குவது? கார்டு செய்தவரின் தளத்துக்கே போய் இறக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். விண்டோஸில் அப்படித்தானே பழக்கம்! உபுண்டுவில் அது வேண்டாம். 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்று உபுண்டுவிலேயே ஓர் இடம் இருக்கிறது. அதைத் திறந்தால் உங்கள் கார்டுக்கு ஏற்ற டிரைவர்கள் வரிசையாய் வரும். 'டெஸ்டட்' என்று குறித்திருப்பது சோதித்துப் பார்த்தது என்று பொருள். அதைத் தேர்ந்தெடுத்து, ஒப்புதல் பொத்தானை அமுக்கி, முடிந்ததும் யந்திரத்தை மறுபடி ஆரம்பித்துவிடுங்கள். அவ்வளவுதான்.

வெளியிலிருந்து கொண்டுவந்தால் என்ன தோஷம் என்று கேட்பீர்கள். ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது அளவு ரவிக்கை கொடுக்கிறோம் அல்லவா? டிரைவரும் கெர்னலின் அளவுக்குத் தைக்கப்பட்டது. பாதுகாப்புக்காகக் கெர்னல் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் அளவு மாறிவிடுகிறது. உபுண்டுவின் வழியாக வாங்கிய டிரைவரை உபுண்டுவே கூடவே மாற்றிக் கொடுத்துவிடும். வெளியில் வாங்கியதை அது கவனிக்காது. ஒரு நாள் இரவு புதுக் கெர்னல் வரும். மறுநாள் காலை கறுப்புத் திரை வரும்.

இன்னொரு தடங்கலையும் சொல்லிவிடுகிறேன். புதிய யந்திரங்களில் செக்யூர் பூட் என்று ஒரு காவல்காரன் உண்டு. முத்திரை இல்லாத டிரைவரை அவன் உள்ளே விடமாட்டான். உபுண்டு முன்கூட்டியே முத்திரை குத்திக் கொடுக்கும் டிரைவர்களுக்குத் தொல்லையில்லை. டிரைவர் உங்கள் யந்திரத்திலேயே தைக்கப்படுமானால், போடும்போது ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளச் சொல்லும். வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தீர்களானால் நீலத் திரை ஒன்று வரும். பயப்படாதீர்கள். ஆனால் அடுக்களைக்கும் போய்விடாதீர்கள்! ஏதாவது ஒரு விசையை அமுக்கும்படி அது சுமார் 10 விநாடி மட்டும் காத்திருக்கும். அமுக்கினால் 'என்ரோல் மோக்' என்று ஒரு வரி. அதைத் தேர்ந்து, 'கன்டினியூ', 'எஸ்' என்று போய், அந்த ரகசியச் சொல்லைக் கொடுக்க வேண்டும். 10 விநாடியைத் தவறவிட்டால் யந்திரம் பேசாமல் மேலே போய்விடும். டிரைவர் வாசலிலேயே நிற்பார். பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

சரி, இத்தனைக்கும் பிறகு திரை இருண்டே போனால்?

முதலில் கேபிளைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் திரைக் கேபிளைச் செருக இரண்டு இடங்கள் இருக்கும். ஒன்று தாய்ப்பலகையைச் சேர்ந்தது. மற்றது, அதற்குக் கீழே தனியாய்க் கிடக்கிற கார்டைச் சேர்ந்தது. கார்டு உள்ள வீட்டில் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். போன தீபாவளிக்கு என் கணவர் ஒட்டடை அடித்துவிட்டு, கழற்றின கேபிளை மேலே இருந்த துவாரத்தில் செருகிவிட்டார். ஒரு பகல் முழுதும் நாங்கள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்!

கேபிள் சரியாயிருந்தால், கன்ட்ரோல், ஆல்ட், எப் 3 மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். படம் எழுத முடியாத யந்திரம் வெறும் எழுத்து எழுதும். கறுப்பில் வெள்ளையாய், உங்கள் பெயரைக் கேட்கும். பெயரையும் ரகசியச் சொல்லையும் கொடுத்து உள்ளே போகலாம். ரகசியச் சொல்லை அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட வராது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்; அதன் சுபாவம் அப்படி.

அதுவும் வரவில்லையென்றால், யந்திரத்தை ஆரம்பிக்கும்போதே எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய யந்திரமாயிருந்தால் ஷிப்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போனால், முன்பு இருந்த பழைய கெர்னலும் அங்கே இருப்பதைக் காண்பீர்கள். புதுக் கெர்னல் வந்ததனால் விளைந்த கோளாறு என்றால், பழையதைத் தேர்ந்ததும் திரை பளிச்சென்று வந்துவிடும். பிறகு ஆற அமர டிரைவரைக் கவனித்துக்கொள்ளலாம்.

பழைய கெர்னலும் கைகொடுக்காவிட்டால் ஒரு கடைசி மருந்து. அதே பட்டியலில் முதல் வரியில் நின்றுகொண்டு ஆங்கில இ எழுத்தைத் தட்டினால், புரியாத பல வரிகள் வரும். 'லினக்ஸ்' என்று ஆரம்பிக்கும் வரியின் கோடியில் ஓர் இடம் விட்டு 'நோமோட்செட்' என்று ஒரே வார்த்தையாய், நோ, மோட், செட் மூன்றையும் சேர்த்து, ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து, எப் 10ஐ அமுக்குங்கள். திரையைக் கெர்னல் தானே அமைக்க வேண்டாம், சாதாரணப் படமே போதும் என்று அதற்கு உத்தரவு. எழுத்தெல்லாம் தடித்தடியாய்த் தெரியலாம், தெரிந்தால் போதாதா? இந்த உத்தரவு அந்த ஒரு தடவைக்குத்தான். மறுபடி ஆரம்பித்தால் மறந்துவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டாவது வழியே பலித்தது. மருமகள் விசைப்பலகையில், நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பக்கத்தில். பெங்களூரிலிருந்து அண்ணன் மகன் சொல்லச் சொல்ல, நான் உரக்கச் சொன்னேன்.

"அத்தை, நெட் ஒயரை நேரே கம்ப்யூட்டரில் செருகிவிட்டீர்களா?"

"செருகியாச்சு. உன்னை வந்து பேசிக்கொள்கிறேன், மேலே சொல்லு!"

முதலில் தவறான டிரைவரைக் களைந்தோம். அதற்கு 'சூடோ', 'ஆப்ட்', 'பர்ஜ்' என்று மூன்று வார்த்தை. நாலாவதாக ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் என்விடியா என்ற பெயர், ஒரு கோடு, ஒரு நட்சத்திரம். சூடோ என்பது எஜமானின் அனுமதி. பர்ஜ் என்பது பேதி மருந்து. பிறகு 'சூடோ', ஓர் இடம் விட்டு 'உபுண்டு-டிரைவர்ஸ்', ஓர் இடம் விட்டு 'இன்ஸ்டால்'. கார்டின் வயசைப் பார்த்து ஏற்றதை உபுண்டுவே தேர்ந்துகொண்டது. எங்களுக்கு வந்தது 580. சரசரவென்று எழுத்துகள் ஓடின. கடைசியில் 'சூடோ ரீபூட்' என்று அடித்துவிட்டு மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

திரை வந்தது.

வந்ததும் ஆனந்தப்பட்டு எழுந்து போய்விடக் கூடாது. உண்மையிலேயே கார்டுதான் வேலை செய்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் கார்டின் பெயர் இருக்க வேண்டும். அங்கே 'எல்எல்விஎம்பைப்' என்று ஒரு விசித்திரமான பெயர் தெரிந்தால் கார்டு தூங்குகிறது. படம் எழுதுகிற வேலையையும் பிராசஸரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறது என்று அறியவும். சினிமா திக்கித் திக்கி ஓடும்; விசிறி இரைந்துகொண்டே இருக்கும். என்விடியாக்காரர்கள் டெர்மினலில் 'என்விடியா-எஸ்எம்ஐ' என்று அடித்தும் பார்க்கலாம். கார்டின் பெயர், டிரைவரின் எண், கார்டு எத்தனை டிகிரி சுடுகிறது என்பது வரை கட்டம் கட்டிச் சொல்லும்.

எங்கள் கட்டத்தில் எல்லாம் சரியாயிருந்தது. மருமகள் அந்தக் கோப்பைத் தேடித் திறந்தாள். 42 பாட்டும் ஒன்று குறையாமல் இருந்தன. முதல் பாட்டில், பாட ஆரம்பிக்குமுன் என் மாமியார், "இது ஓடுகிறதா, இல்லையா?" என்று கேட்பது ஸ்பஷ்டமாய்க் கேட்டது. என் கணவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே இரண்டு தனி டிஸ்க்குகள் வாங்கி, பாட்டுகளை நகல் எடுத்தோம். ஒன்று எங்கள் பீரோவில்; ஒன்று நாத்தனார் வீட்டில். காஸ் புத்தகத்தோடு தொங்கும் நோட்டில் மருமகள் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள்: கார்டின் பெயர், 580 என்ற எண், 'ஓப்பன் கூடாது' என்று அடிக்கோடு, மூன்று விசைகளின் பெயர். அதற்குக் கீழே கடைசி வரி மட்டும் வேறு கையெழுத்து. என் கணவருடையது.

'முதலில் கேபிளைப் பார்க்கவும்.'